தங்கா

"ஏம்மா ருக்மிணி, உங்க வீட்டுல உக்கார எடமே கெடையாதாமே, நெசமாவா?"

நாகலக்ஷ்மி ஆண்ட்டி இப்படிக் கேட்டது எல் கமீனோ சாலை இந்திய மளிகைக் கடையில், புளிக்கும் துவரம்பருப்புக்கும் நடுவே நின்றுகொண்டு. சன்னிவேல் தமிழர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையில்தான் இருப்பார்கள். மீதிப் பாதிக்குச் செய்தி சனிக்கிழமை காபிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ருக்மிணி கூடையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டே, "சேரெல்லாம் இருக்கு ஆண்ட்டி" என்றாள்.

அவள் சொன்னதும் உண்மை, ஆண்ட்டி கேள்விப்பட்டதும் உண்மை. வீட்டில் நாற்காலி இருந்தது. உட்கார இடம்தான் இல்லை.

ருக்மிணியின் கணவன் சேனாபதியை ஒருநாள் ஒரு நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அதிலிருந்து வந்த வினை இது.

1998 கிறிஸ்துமஸ் சமயம். சேனாபதி வேலை பார்த்த கம்பெனியின் தலைவர் டக்ளஸ், மலைச்சரிவில் இருந்த தன் வீட்டில் விருந்து கொடுத்தார். சேனாபதி தட்டில் நாலு சீஸ் துண்டும் ஒரு திராட்சைக் கொத்தும் வைத்துக்கொண்டு, சுவரோரம் சும்மா கிடந்த பழைய மர நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தான். டக்ளஸின் மனைவி கொஞ்சமும் பதறாமல், சிரித்த முகமாக அவன் தோளைத் தொட்டு, "வீ டோன்ட் சிட் ஆன் தட் ஒன்" என்றாள். சேனாபதி எழுந்த வேகத்தில் திராட்சை உருண்டு நாலு பக்கமும் ஓடியது. அதை அவனே பொறுக்கினான்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"ருக்கு, அந்தம்மா 'வீ'ன்னு சொன்னாங்களே, அது நாமளா, நாங்களா?"

ருக்மிணிக்கு அது நாங்கள் என்றுதான் பட்டது. ஆனால் கட்டின புருஷன் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. "நாமளாத்தான் இருக்கும்" என்றாள். சேனாபதி அதை நம்பினான். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த 'நாம்' என்பதற்குள் நிரந்தரமாகக் குடியேற என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவும் ஆரம்பித்தான். கிரீன் கார்டுக்கு மனுப் போட்ட கையோடு இதற்கும் போட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் சனிக்கிழமைதோறும் ஆசியக் கலையை ரசிக்கச் சொல்லித்தந்தார்கள். கரூரில் பிறந்து, கரூரில் படித்து, ஆசியாவை விட்டு இருபத்தாறு வயதுவரை வெளியே போகாத சேனாபதி, ஆசியாவை ரசிப்பதற்காக நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு எலினோர் என்ற வெள்ளைக்கார அம்மாளிடம் போனான். எலினோர் வெள்ளை முடியைக் கொண்டை போட்டு அதில் பென்சில் செருகியிருப்பாள் என்றும், ஒரு பொருளைப் பார்த்தால் வெகுநேரம் பேசவே மாட்டாள் என்றும் அவன் வந்து சொன்னான். பேசாத டீச்சரிடம் படித்த அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

முதல் நாற்காலி வந்தது. தேன் நிறத்தில் மெல்லிய உடம்பு. நிமிர்ந்த முதுகு. பிரம்பு பின்னிய ஆசனம். ஒரு மாதம் கழித்து அதற்கு ஜோடியாக இன்னொன்று வந்தது.

"இதுக்குப் பேரு சதர்ன் அஃபிஷியல்ஸ் ஹாட் சேர்" என்றான் சேனாபதி. "அதிகாரித் தொப்பி நாற்காலி. அந்தக் காலத்துல சைனாவுல பெரிய ஆபீசருங்க வெச்சிருந்த தொப்பி ஷேப்புல இருக்கு பாரு."

ருக்மிணிக்குத் தெரிந்த பெரிய ஆபீசர் கரூர் தாசில்தார்தான். அவர் மழைக்குக்கூடத் தொப்பி வைத்துப் பார்த்ததில்லை.

"ஒரு ஆணி கெடையாது. ஒரு ஸ்க்ரூ கெடையாது. மரத்துக்குள்ள மரம் போய் அப்படியே உக்காந்திருக்கு."

"மரமாச்சும் உக்காந்திருக்கே" என்றாள் ருக்மிணி.

அவன் காதில் விழவில்லை. முதுகுப் பலகையின் வளைவைக் காற்றில் கையால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான். அது ஒரே பலகையில் செதுக்கியது, மனித முதுகெலும்பு எங்கே உள்ளே போகிறதோ அங்கே அது வெளியே வருகிறது, சீனர்கள் மகா ஞானிகள். இவ்வளவையும் சொன்னவன் ஒரு தடவைகூட அதில் சாய்ந்து பார்க்கவில்லை. ஞானிகளைத் தூரத்திலிருந்து வணங்குவதுதான் மரியாதை என்று நினைத்திருக்கலாம்.

பிறகு இரண்டு முனையும் மேலே சுருண்ட நீள மேசை ஒன்று வந்தது. அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. வெறுமைதான் அதன் அழகு என்று எலினோர் சொன்னாளாம். பிறகு சோஃபா போயிற்று. "அந்த சோஃபா இந்த ரூமையே கொல்லுது ருக்கு" என்று சொல்லி, நாகர்கோவிலிலிருந்து புதிதாக வந்து பக்கத்துத் தெரு அபார்ட்மெண்டில் குடியிருந்த ஜெபினாவுக்கும் அவள் கணவனுக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டான். அதன்பின் மத்தியான வேளைகளில் ருக்மிணி ஜெபினா வீட்டுக்குப் போய்த் தன்னுடைய சோஃபாவில் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

"வாங்கக்கா" என்பாள் ஜெபினா. "உங்க சோஃபா காலையில இருந்து உங்களத் தேடிட்டு இருக்கு."

அந்த சோஃபாவுக்கும் ருக்மிணிக்கும் வேறு ஒரு கணக்கும் இருந்தது. 1999 ஆகஸ்டில் ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. அப்போது சன்னிவேல் பெண்கள் டிபன் கேரியரில் ரசம் எடுத்துக்கொண்டு வந்து அதில்தான் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கரூரிலிருந்து போனில் அம்மா, "தங்கலையேம்மா, தங்கலையே" என்று அந்த ஒரு சொல்லையே சொல்லி அழுதாள். வளைகாப்புக்கென்று அம்மா யாரிடமோ கொடுத்தனுப்பிய கண்ணாடி வளையல் பெட்டி, எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தது. ருக்மிணி அதைத் திறக்காமல் அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வருடம் மே மாதம் மறுபடி மூன்று மாதம். இந்த முறை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் சேனாபதி ஒரு நீளக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். கூடத்துச் சுவரில் ஆணி அடித்து (சுவருக்கு ஆணி அடிக்கலாம், அதில் ஞானக் குறைவு இல்லை) பட்டு விளிம்பு தைத்த ஒரு படத்தை மேலிருந்து கீழாக விரித்துத் தொங்கவிட்டான்.

"இதுக்குப் பேரு தங்கா" என்றான்.

ருக்மிணியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"என்னது?"

"தங்கா. திபெத்துல சாமி படத்துக்கு அப்படித்தான் பேரு. தங்-கா."

"வேற பேரு இல்லையா இதுக்கு?"

"வேற பேரா? பேருன்னா பேருதான் ருக்கு. டிபெட்டன் வேர்ட். இதுல போயி சென்டிமென்ட் பாக்காத, ப்ளீஸ்."

நாற்காலியின் முதுகுப் பலகையில் மனித முதுகெலும்பையே கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு எதிரே நின்ற மனுஷியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு வீட்டில் அந்தச் சொல் நாள் முழுக்கக் கேட்டது. தங்கா மேல வெயில் படுது, திரைய எறக்கு. தங்கா பக்கத்துல தாளிக்காத. தங்காவ நெனச்சா தூக்கமே வரல ருக்கு. அவளுக்கும்தான் வரவில்லை.

ஆனால் பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால், படம் அவளுக்குப் பிடித்திருந்தது.

பச்சை நிறத்தில் ஓர் அம்மன். மதுரை மீனாட்சிக்கு மலைநாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை இருந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று ருக்மிணி நினைத்தாள். தாமரைமேல் இடது காலை மடித்து, வலது காலைக் கீழே இறக்கி வைத்திருந்தாள். அந்தப் பாதத்தைத் தாங்க அடியில் தனியாக ஒரு குட்டித் தாமரை. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவதற்குத் தயாராக ஒரு கால் கீழே இருப்பதாக சேனாபதி வகுப்பிலிருந்து வந்து சொன்னான். அதை அவன் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு உட்காரும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

உட்கார வேறு இடமில்லாததால் ருக்மிணி படத்துக்கு நேர் கீழே தரையில் உட்காருவாள். அங்கிருந்துதான் பல விஷயங்கள் தெரிந்தன. நின்றுகொண்டு பார்த்தால் அம்மன் கண்ணை மூடியிருப்பது போலிருந்தது. தரையிலிருந்து பார்த்தால் நேராக நம்மைப் பார்த்தாள். உள்ளங்காலில் செம்பஞ்சுக் குழம்பு போல லேசான சிவப்பு. தோளிலிருந்து இறங்கிய துணியின் ஒரு நுனி மட்டும் ஒளிவட்டத்தைத் தாண்டி வெளியே சுருண்டிருந்தது. வரைந்தவன் அந்த ஓர் இடத்தில் மட்டும் கையைத் தன் போக்கில் விட்டிருந்தான். கீழ் மூலையில் ஒரு குளம். அதில் அரிசி மணி அளவுக்கு இரண்டு பறவைகள். ஒன்று தண்ணீரில் அலகை விட்டிருந்தது. அந்த அலகுக்கு முன்னால் தண்ணீர் இரண்டு கோடாக விலகியிருந்ததை அவள் ஜூலை மாதத்தில்தான் கண்டுபிடித்தாள்.

அவ்வளவு பார்த்தபின் அவளை அந்தப் பெயரால் கூப்பிட முடியுமா? ருக்மிணி கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டாள். "தங்கம்" என்று கூப்பிட்டாள். சத்தமாக அல்ல. அவள் எதையும் சத்தமாகச் செய்கிறவள் அல்ல.

ஐந்தாம் மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தது. ஆறாவதும் கடந்தது. ஏழு பிறந்ததும் அவள் புருஷனிடம் போய் நின்றாள்.

"ஏங்க, வளைகாப்பு வெக்கணும்."

"ஷ்யூர், வெச்சிடலாம். டெம்பிள் ஹால் புக் பண்றேன்."

"நம்ம வீட்டுல."

சேனாபதி முதலில் நாற்காலியைப் பார்த்தான். பிறகு மேசையை. பிறகு படத்தை. கடைசியாக மனைவியைப் பார்த்தான்.

"ருக்கு, ப்ராக்டிகலா யோசி. முப்பது லேடீஸ். சந்தனம், குங்குமம், எண்ணெய், பன்னீர். சின்னப் பசங்க வேற வருவாங்க. ஹால்ல வெச்சா என்ன கொறஞ்சா போச்சு?"

என்ன குறைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. போன வருடம் எல்லோரும் மெல்லிய குரலில் பேசிவிட்டுப் போன அதே கூடத்துக்கு, அவர்கள் திரும்ப வந்து சத்தமாகச் சிரிக்க வேண்டும். அதன் நடுவில் அவள் வயிறும் வளையலுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு மெட்ராசில் விசா கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் வளையலாவது இந்த வீட்டில் ஒலிக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து வாயில் வந்தபோது, "நம்ம வீட்டுலதான்" என்று மட்டும் வந்தது. அவள் இரண்டு வாரம் வேறு எதுவும் பேசவில்லை. சேனாபதி இறங்கி வந்தான். ஆனால் நிபந்தனைகளோடு வந்தான்.

மடக்கு நாற்காலிகளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதிகாரித் தொப்பி நாற்காலிகளுக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டப்படும், அருங்காட்சியகத்தில் இருப்பது போல. மேசைமேல் ஒன்றும் வைக்கக் கூடாது. தங்காவை மூடுகிற மஞ்சள் பட்டுத் திரை இறங்கியே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மணிக்குள் எல்லோரும் போய்விட வேண்டும். ஏனென்றால் மூன்று மணிக்கு எலினோர் வருகிறாள். எத்தனையோ மாதமாகக் கெஞ்சி, இவன் சேகரிப்பைப் பார்க்க அவள் ஒப்புக்கொண்ட நாள் வளைகாப்புக்குக் குறித்த அதே ஆவணி வெள்ளிக்கிழமைதான். அவள் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டக்ளஸிடம் போய் அதைத் தற்செயலாகச் சொல்வது எப்படி என்று அவன் ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டான்.

"காலையில ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டுக்கு முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, அன்று விடிந்ததும் கயிற்றைக் கட்டிவிட்டு, ஆபீசுக்குப் போனான். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு வெள்ளிக்கிழமை ராகு காலம் ஞாபகம் இல்லை.

ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் தமிழ் ஒன்பது மணிக்கு, அதாவது பத்தேகாலுக்கு வந்தார்கள். வந்ததும் சண்டை தொடங்கியது.

"பத்தரைக்கு ராகு காலம்" என்றாள் நாகலக்ஷ்மி ஆண்ட்டி.

"அது மெட்ராஸ் ராகு காலம் ஆண்ட்டி" என்றது ஒரு பட்டுப்புடவை. "இங்க சன்ரைஸ வெச்சுக் கணக்குப் போடணும். கோயில் காலண்டர்ல பதினொன்றரைக்கு மேலதான் வருது."

"ராகு நம்ம ஊரு கெரகம்டி. அதுக்குத் தெரியுமா டே லைட் சேவிங்?"

"இங்க வந்துட்டா இங்க உள்ள டைம்தான?"

யாரும் விட்டுக்கொடுக்காததால் கடைசியில் இரண்டு ஊர் ராகுவுக்கும் மரியாதை செய்வது என்று முடிவாயிற்று. மெட்ராஸ் ராகு போய், சன்னிவேல் ராகுவும் போய்ச் சேர மணி ஒன்று. அதுவரை பெண்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து நெளிந்தார்கள்.

"எங்க வீட்டுல ராகு காலமெல்லாம் இல்ல ஆண்ட்டி" என்றாள் ஜெபினா. "பசி காலம் மட்டும் உண்டு. அது எப்பவோ ஆரம்பிச்சாச்சு." சொல்லிக்கொண்டே ஐந்து வகைச் சாதத்தையும் கொண்டுபோய், வெறுமையே அழகான அந்த மேசையில் வரிசையாக வைத்தாள். வேறு எங்கேதான் வைப்பாள்? மேசை என்றால் மேசைதானே.

ஒரு மணிக்கு நாகலக்ஷ்மி ஆண்ட்டி கையைத் தட்டினாள். "பொண்ண உக்கார வைங்க." யாரோ ஒரு மடக்கு நாற்காலியை இழுத்தார்கள். "ஐயய்யே, இரும்புச் சேர்லயா புள்ளத்தாச்சிப் பொண்ண உக்கார வெப்பாங்க? மரத்துல ஒண்ணும் இல்லயா?" கண் கூடத்தைச் சுற்றியது. "அந்தா இருக்கே! அதுக்கு எதுக்குக் கயிறு கட்டி வெச்சிருக்கு? ஒடஞ்சிருக்கா?"

"இல்ல ஆண்ட்டி. அது ஆண்ட்டிக்."

"நானும்தான் ஆண்ட்டி. என்னைக் கயிறு கட்டியா வெச்சிருக்காங்க?"

கூடம் சிரித்தது. சத்தமாகச் சிரித்தது. ருக்மிணி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். பிரம்பின் மேல் ஒரு பட்டுப்புடவையை நாலாக மடித்துப் போட்டாள். உட்கார்ந்தாள்.

அவள் முதுகு பின்னால் போயிற்று. இரண்டு மாதமாக எந்தத் தலையணைக்கும் அடங்காத அந்த வலி இருந்த இடத்தை, பலகையின் வளைவு வந்து தொட்டது. உள்ளங்கையால் தாங்குவது போலத் தாங்கியது. கால் தானாக முன் சட்டத்தின்மேல் ஏறி நின்றது. அங்கே மரம் நடுவில் தேய்ந்திருந்தது. எத்தனை பேர் கால் வைத்த தேய்மானமோ. சேனாபதி மாதக்கணக்காகச் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவம், அவனுக்குத்தான் அது தெரியாது.

"சாமிய மூடி வெச்சு யாராச்சும் சுபகாரியம் பண்ணுவாங்களா?" என்று ஆண்ட்டி மஞ்சள் திரையைத் தூக்கிச் செருகினாள். "அடி ஆத்தி, பச்சையா எவ்வளோ லட்சணமா இருக்கா! எந்த அம்மன் இது?"

"தங்கம்" என்றாள் ருக்மிணி.

"தங்கம்மனா? நல்ல பேரு." ஆண்ட்டி குங்குமத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு அம்மனின் நெற்றியைக் குறி பார்த்தாள். அந்த விரலில் கால்வாசி இருக்கும் அம்மனின் முகம்.

"ஆண்ட்டி, ஆண்ட்டி! முகத்துல வேண்டாம். கீழ பட்டு இருக்கு பாருங்க, அதுல வைங்க."

"ஏன்?"

"முகத்துல வெச்சா நம்மளப் பாக்க முடியாது அவளுக்கு."

ஆண்ட்டிக்கு இது நியாயமாகப் பட்டது. விளிம்புப் பட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு ருக்மிணியிடம் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். கன்னத்தில் சந்தனம், கையில் சந்தனம், நெற்றியில் குங்குமம். அம்மாவின் பெட்டி திறந்தது. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஏறின. யாரோ பாடினார்கள், யாரோ அடியை மறந்தார்கள், மறந்ததற்கும் சிரித்தார்கள். ருக்மிணி இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். நாற்காலிக் கையின் மேல் ஒரு பொட்டுச் சந்தனம் படவிடவில்லை. அந்த மரத்தை ஒன்றரை வருடமாகத் துடைத்தவள் அவள்தான்.

மூன்று மணி அடித்தபோது சேனாபதி எலினோரோடு கதவைத் திறந்தான்.

அவனை முதலில் எதிர்கொண்டது வாசலில் கிடந்த செருப்புக் குவியல். அடுத்தது மேசைமேல் எலுமிச்சைச் சாதம். பிறகு அவிழ்ந்து கிடந்த சிவப்புக் கயிறு, ஜோடி நாற்காலியில் மலையாகக் குவிந்த கைப்பைகள், பட்டில் குங்குமம். கடைசியில் மனைவி. இந்தத் தடவையும் கடைசியில்தான் மனைவி.

எலினோர் குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள். அவ்வளவுதான், பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வளையல் மணிக்கட்டில் ஏறாததால் இரண்டு பேர் சோப்பு கொண்டுவந்து ஏற்றினார்கள். தட்டில் புளியோதரை விழுந்தது. மடக்கு நாற்காலி எதுவும் காலியில்லை. எலினோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தட்டோடு தரையில் உட்கார்ந்தாள். படத்துக்கு நேர் கீழே, ருக்மிணி உட்காரும் அதே இடத்தில். அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சேனாபதி அவள் பக்கத்தில் குந்தினான். "எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ம்ம்ம்ம்" என்றாள் எலினோர்.

இத்தனை மாதம் காத்திருந்து கிடைத்த தீர்ப்பு அது. நாற்காலிக்கா, அம்மனுக்கா, புளியோதரைக்கா என்பது தெரியவில்லை. சேனாபதி எழுந்து மனைவியிடம் வந்தான்.

"ருக்கு, எந்திரி. அவங்க சேரப் பாக்கணும்."

"எந்திரிக்கக் கூடாது தம்பி" என்றாள் நாகலக்ஷ்மி ஆண்ட்டி. "ஆரத்தி எடுக்காம எப்படி எந்திரிப்பா?"

"அப்ப எடுங்க ஆண்ட்டி!"

"எமகண்டம் வந்துடுச்சே. நாலரைக்கு மேலதான் எடுக்கணும்."

"எந்த ஊர் எமகண்டம்?" என்றாள் ஜெபினா.

"நீ சும்மா இருடி."

சேனாபதிக்கு முகம் வேர்த்தது. தன் மதிப்பைக் காப்பாற்றக் கையிலிருந்தது அந்தப் படம் ஒன்றுதான். எலினோர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பட் திஸ் தங்கா..." என்று ஆரம்பித்தான்.

கூடம் அப்படியே நின்றது. கரண்டி சாதத்தில் நின்றது.

"என்ன சொன்னீங்க தம்பி? யாரு தங்கா?"

"படம் ஆண்ட்டி. படத்தோட பேரு."

"வளைகாப்பு வீட்டுல, புள்ளத்தாச்சி எதுருல, என்ன வார்த்த இது!"

"ஐயோ, அது டிபெட்டன் வேர்ட்! தங்கா. தங்கான்னா ஸ்க்ரோல். தங்கா, தங்கா, அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?"

ஆண்ட்டி பாய்ந்து ருக்மிணியின் இரண்டு காதையும் பொத்தினாள். பொத்தி என்ன பயன்? அந்தச் சொல்லை அவள் மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் ஆண்ட்டியின் கையை மெல்ல விலக்கினாள்.

"தங்கும்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி நாற்காலி வரை கேட்டது.

சேனாபதி வாயைத் திறந்தான். அவனுக்கு அந்த நேரத்தில் கண்ணில் பட்டது அவள் கைகள்தான். சந்தனம் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. "கை, ருக்கு, கை! பாத்து. மரத்துல படப்போவுது."

ருக்மிணி அவனைப் பார்த்தாள். பிறகு மடியில் மல்லாந்திருந்த இரண்டு கையையும் எடுத்தாள், திருப்பினாள், நாற்காலியின் இரண்டு கைகள் மேலும் அழுத்தி வைத்தாள். விரல்கள் மரத்தைச் சுற்றிப் பிடித்தன. வளையல்கள் சறுக்கி மணிக்கட்டில் வந்து மோதின. எலினோர் படத்தை விட்டு முதல் தடவையாகத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி நின்னுட்டே இருக்கீங்க?" என்றாள் ஆண்ட்டி, கொஞ்சம் இரக்கப்பட்டு. "பாயசம் வரப்போவுது. உக்காருங்க."

சேனாபதி சுற்றிலும் பார்த்தான். மடக்கு நாற்காலிகளில் பெண்கள் இருந்தார்கள். ஜோடி நாற்காலியில் கைப்பைகள் இருந்தன, மேலே யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. தரையில் எலினோர் இருந்தாள், அவளைச் சுற்றி நாலு பேர் அவளுக்குப் புளிக்காய்ச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னொரு முறை பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய், செருப்புக் குவியலுக்குள் தன் ஷூவைத் தேடினான். ஒன்று உடனே அகப்பட்டது. இன்னொன்றுக்குக் கொஞ்சம் கிளற வேண்டியிருந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.